எந்த முகத்தோடு வருவது?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பிறர் முன்னே மதிப்பிழந்து நிற்பதை ஆங்கிலத்தில் 'லூஸ் பேஸ்' என்பார்கள். முகத்தை இழத்தல் என்பது நேர்ப்பொருள். ஆங்கில வகுப்பில் நாம் மனனம் செய்த இந்த மரபுத்தொடர் ஆங்கிலேயரின் சொந்தச் சொத்தன்று. சீனத்தில் 'டியூ லியன்' என்று ஒரு வழக்கு உண்டு. டியூ என்றால் தொலைத்தல். லியன் என்றால் முகம். 19ஆம் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் அதனைத் தம் மொழிக்குப் பெயர்த்துக்கொண்டனர். ஆதர் ஸ்மித் என்ற அமெரிக்க மிஷனரி சீனரைப் பற்றி 1890களில் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயத்துக்கே 'முகம்' என்றுதான் தலைப்பு. முகத்தைக் காத்தல் என்ற பொருளில் 'சேவ் பேஸ்' என்ற தொடரும் இதனையொட்டி ஆங்கிலத்தில் எழுந்தது.

சீனரிடம் மூன்றாவது தொடரொன்றும் உண்டு: முகம் கொடுத்தல். நாலு பேர் முன்னிலையில் மற்றவருடைய மதிப்பைப் பேணி நடப்பது அது. இழப்பும் காப்பும் ஆங்கிலத்தில் நிலைத்த அளவுக்கு இந்தக் கொடை நிலைக்கவில்லை.

நமக்கோ அது பழகிய வழக்கு. 'என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை' என்று நம் வீடுகளில் குறைப்படுவார்கள். 'ஆளின்ரை முகத்தை முறிக்காதை' என்று அம்மம்மா கண்டிப்பார். எதிரே நிற்பவர் கொடுக்கும்போதுதான் நமக்கு முகம் உண்டு என்பது இவற்றின் உட்பொருள்.

இன்று இதனைச் சொல்லக் காரணம் உண்டு. இம்மண்டபத்துக்கு வராத தோழியர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். போரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள், மணவாழ்வு முறிந்தவர்கள், படிப்பை இடையில் விட்டவர்கள், வெளிநாட்டில் துப்புரவு வேலை செய்பவர்கள். அழைத்தால், 'எந்த முகத்தோடு வருவது?' என்கிறார்கள். வாசலில் காத்திருக்கும் கேள்விகளுக்கே அவர்கள் அஞ்சுகிறார்கள்: அவர் ஏன் வரவில்லை? பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? சொந்த வீடா?

வகுப்பு இடாப்பில் நம் பெயர்களுக்கு முன்னே பட்டமோ பதவியோ இருந்ததில்லை. ஊர் திரும்புமுன் ஒவ்வொருவரும் வராத ஒருத்தியைத் தொலைபேசியில் அழையுங்கள். நன்கொடையும் உத்தியோகமும் பேச்சில் வரவேண்டாம். எந்த வாங்கில், யாருக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள் என்பதைக் கதையுங்கள். அடுத்த ஒன்றுகூடலுக்கு வரும்போது வாசலுக்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.