தயிர்க்கலயமும் மாத்திரைப் புட்டியும்

கொல்கத்தா வாழ் தமிழ்ப் பெருமக்களே!

உணவே மருந்து என்றனர் நம் முன்னோர். இன்றோ, நோயற்ற நல்லுடல் வாய்ந்தோரும் ‘புரோபயாட்டிக்’ மாத்திரையை நாள்தோறும் விழுங்குகின்றனர். அதனால் விளையும் நன்மை யாது, தீங்கு யாது என்பதே யான் எடுத்துக்கொண்ட பொருள்.

தக்க அளவில் உட்கொண்டால் நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக் என்று 2001ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு வரையறுத்தது. புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் குடலுக்கு நல்லன என்னும் கருத்தை முன்னரே பரப்பியவர், 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாவ்.

இவ்வாராய்ச்சிக்கு நம் நகரமும் களமாயிற்று. காலரா, குடல்நோய்களை ஆராயும் இந்நகரத்துத் தேசிய நிறுவனத்தார், சேரிகளில் வாழ்ந்த 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் 3,758 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர் கலந்த பானமும், மற்றவர்க்கு அஃதில்லாத சத்துப் பானமும் 12 வாரம் அளித்தனர். முன்னவருள் 608 பேருக்கும், பின்னவருள் 674 பேருக்கும் வயிற்றுப்போக்கு கண்டது. கிடைத்த பாதுகாப்பு நூற்றுக்கு 14 பங்கு என 2011இல் வெளியிட்டனர்.

பயன் உண்டு, ஆயின் அது சிறிது. அதுவும் கிருமிகள் மலிந்த சூழலில் வளரும் இளங்குழந்தைகளிடம் கண்டது. நலமுடன் உள்ள பெரியோர்க்கு மலம் எளிதில் கழிதல், சளித்தொல்லை ஓரளவு குறைதல் போன்ற சிறு நன்மைகளையே ஆய்வுகள் காட்டுகின்றன. விழுங்கிய நுண்ணுயிர்கள் பெரும்பாலும் குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் அவையும் மறைகின்றன. 2018இல் இஸ்ரேலில் நடந்த சிறு ஆய்வொன்றில், ஆன்டிபயாட்டிக் உண்டபின் இம்மாத்திரையை விழுங்கியவர்க்கு, ஒன்றும் விழுங்காதவரைக் காட்டிலும், குடலின் இயல்பான நுண்ணுயிர்கள் மீள்வது தாமதமாயிற்று.

தீங்கு உண்டோ? நலமுடையோர்க்குப் பெரும்பாலும் வயிற்று உப்புசத்தோடு நின்றுவிடும். ஆயின், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றிக்கொண்டோர், குறைமாதத்தில் பிறந்த சிசுக்கள் ஆகியோரின் குருதியில் இவை புகுந்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். கடுமையான கணைய அழற்சியுற்றோரிடம் நெதர்லாந்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், புரோபயாட்டிக் பெற்ற 152 பேருள் 24 பேர் இறந்தனர். பெறாத 144 பேருள் இறந்தோர் 9 பேரே. எனவே, தமக்கு நலம் செய்தது என்று நோயுற்ற உறவினர்க்கு எவரும் மருத்துவரைக் கேளாது இதனைக் கொடுத்தல் ஆகாது.

தாய்மார்களுக்கு மற்றொரு சொல். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் மாத்திரைப் புட்டியைத் தேடாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை முதலில் ஊட்டுங்கள். 1971இல் பனகாவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகாலனபீஸ் அதனைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். அப்பெருமை இவ்வங்க மண்ணுக்கு உரியது.

நலமுள்ளவர்க்கு நம் இல்லத்துத் தயிரும் மோரும், காயும் கீரையும், பருப்பும் நல்லுணவு. தயிர் சர்வரோக நிவாரணி அன்று; மாத்திரையும் அன்று. வாங்கியே தீர வேண்டுமெனின், நுண்ணுயிரின் முழுப்பெயர், எண்ணிக்கை, காலாவதி நாள் மூன்றையும் படித்து வாங்குங்கள். அளவறிந்து உண்டு, நலமுற வாழ்வோமாக!