வண்டி மாறும் பயணியின் கட்டணம்

பேருந்து, ரயில், மெட்ரோ, ஆட்டோ அனைத்தையும் ஒரே சேவையாகப் பயணிக்கு வழங்குவது பற்றி ஆராயக் கூடியிருக்கிறோம். இந்த ஆய்வைக் கைபேசிச் செயலியில் தொடங்காமல் கட்டணத்தில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2016இல் ஹெல்சிங்கியில் ‘விம்’ என்ற செயலி வந்தது. மாதச் சந்தா கட்டினால் டிராம், பேருந்து, டாக்சி, வாடகைக் கார் எல்லாம் அதிலேயே கிடைத்தன. அங்கே 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டமும், போக்குவரத்து நிறுவனங்கள் தங்கள் சீட்டு விற்பனையைப் பிறருக்கும் திறந்துவிட வேண்டும் என்று விதித்தது. இவ்வளவு வாய்ப்பிருந்தும் விம்மை நடத்திய நிறுவனம் 2024இல் திவாலானது. மானியத்தில் ஓடும் பேருந்தின் சீட்டை வாங்கி விற்பவருக்கு மிஞ்சுவது சொற்பம். டாக்சியைச் சந்தாவுக்குள் அடக்கினால் பயணம் கூடக்கூடச் செலவும் கூடும். விம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1965இல், ஹாம்பர்க் நகரின் போக்குவரத்து நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. எதில் ஏறினாலும் செல்லும் பொதுக் கட்டணத்தை வகுத்தன, நேர அட்டவணைகளை இசைத்தன, வசூலை ஒப்பந்தப்படி பிரித்துக்கொண்டன. கைபேசி இல்லாத காலத்தில் பிறந்த அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது.

சென்னையில் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இலேயே இயற்றப்பட்டது. 2025 செப்டம்பரில், பேருந்து, ரயில், மெட்ரோ சீட்டுகளை ஒரே இடத்தில் தரும் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. வரிசையில் நிற்கும் நேரத்தை அது மிச்சப்படுத்துகிறது, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தாம்பரத்திலிருந்து கிண்டிவரை மின்சார ரயிலில் வந்து, அங்கே மெட்ரோவுக்கு மாறித் தேனாம்பேட்டை செல்பவரை எண்ணிப் பாருங்கள். தொலைவு கூடும்போது கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதே வழக்கம். வண்டி மாறியதும் அந்தச் சலுகை அறுந்து, குறைந்தபட்சக் கட்டணத்திலிருந்து கணக்கு மறுபடி தொடங்குகிறது. நேரடி வண்டி இல்லாதது நகரின் குறை. அதற்கு அபராதம் கட்டுபவர் பயணி. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். மெட்ரோவிலோ முழுக் கட்டணம். இந்த இடைவெளியை எந்த மென்பொருளும் தானாக நிரப்பாது.

ஒரே கட்டணம் வந்தால் வருவாய் குறையுமே என்பார்கள். முதலில் குறையலாம். பெருஞ்செலவில் கட்டிய மெட்ரோவுக்குப் பேருந்து ஆள் சேர்த்துத் தருவதால் குறைந்த வருவாயில் ஒரு பகுதி திரும்பும். மீதத்தை மானியமாக வெளிப்படையாக ஏற்பதே நேர்மை. ரயில் ஒன்றிய அரசுடையது, பேருந்து மாநிலத்துடையது, மெட்ரோ இருவரின் கூட்டு நிறுவனம். எனவே பங்கீடு கடினம்தான். கடினமான அந்த வேலைக்காகத்தான் குழுமமே வேண்டும். தனியார் ஊக்கம் கெடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. பொதுக் கட்டணத்துக்குள் யார் வேண்டுமானாலும் சீட்டு விற்கட்டும், வழி காட்டட்டும். எனக்கு உண்மையாகவே விடை தெரிய வேண்டிய இடம் ஷேர் ஆட்டோ. பேருந்து போகாத தெருவரை ஆளைக் கொண்டு சேர்ப்பது அதுதான். ஓட்டுநரின் அன்றாடக் கூலியும் அதில்தான் இருக்கிறது. அவரைப் பொதுக் கட்டணத்துக்குள் கொண்டுவந்தால் அவருடைய பங்கு அன்று மாலையே கைக்கு வருமா, பெர்மிட் எப்படி அமையும் என்பதை முதல் அமர்விலேயே எடுத்துக்கொள்ளுமாறு கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.