குரோஷே: ஸ்டிச்சையும் எண்ணுங்க, மணியையும் எண்ணுங்க

இந்த எபிசோட் குரோஷே பற்றி. ஆமா, கோட் எழுதுறவன்தான் இன்னைக்கு ஊசி நூல் பேசப்போறேன். எங்க பாகூர் பக்கம் சாயங்காலம் ஆனா திண்ணையில உட்கார்ந்து ஒயர் கூடை பின்னுவாங்க. யூடியூப் புண்ணியத்துல இப்ப அதே கைகளில் குரோஷே ஊசி. அங்கேயும் சரி, வில்லியனூர் நண்பர்கள்கிட்டயும் சரி, ரெண்டு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "சதுரமா ஆரம்பிச்சது ஏன் முக்கோணமா போகுது?" "இதுக்கு என்ன விலை சொல்றது?"

முதல்ல நூல். கடையில "உல்லன்" கேட்டா வருவது பெரும்பாலும் அக்ரிலிக். ஊட்டிக்குப் போறவங்களுக்கு ஓகே. நம்ம மே மாச வெயில்ல அக்ரிலிக் டாப் போட்டா வியர்வை உள்ளேயே நிக்கும். உடம்புல போடுறதுக்கு பருத்தி நூல்தான். லேபிள் இல்லாத உருண்டையா இருந்தா, விரல் நீளத்துக்கு வெட்டி, இடுக்கியில பிடிச்சு, தண்ணி ஊத்தின எவர்சில்வர் தட்டுக்கு மேல கொளுத்திப் பாருங்க. பருத்தி காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். அக்ரிலிக் உருகி, கருப்பா, கெட்டி மணி மாதிரி ஆயிடும். ஆறும் வரை தொடாதீங்க.

காசே செலவழிக்க வேண்டாமா? பழைய டி-ஷர்ட் எடுங்க. திருப்பூர் பனியன் துணியே மெஷின்ல பின்னின நிட்டிங்தான், அதனாலதான் இழுத்தா நீளுது. கைக்குக் கீழ இருக்கிற பகுதியை ஒரு அங்குல அகலத்துல சுத்திச் சுத்தி வெட்டிக்கிட்டே போங்க. வெட்டினதை இழுத்தா ஓரம் சுருண்டு கயிறாயிடும். 10 மி.மீ. ஊசியில கால்மிதி பின்ன அருமையா இருக்கும். அப்புறம், நூல் உருண்டை ஓடாம இருக்க ஆன்லைன்ல தனியா கிண்ணம் விக்கிறாங்க. உங்க வீட்டுத் தூக்குவாளி போதும்.

இப்ப முக்கோணம். நம்ம தொழில் மொழியில இது ஆஃப்-பை-ஒன் எரர். டபுள் குரோஷேயில திரும்பும்போது போடுற 3 செயின்தான் பொதுவா அந்த வரிசையோட முதல் ஸ்டிச். அப்போ அடுத்த வரிசையோட கடைசி ஸ்டிச்சை அந்த 3 செயினின் உச்சியில குத்தணும். அங்க குத்தாம திரும்பிடுறோம். 20 ஸ்டிச் 19 ஆகும், அப்புறம் 18. சிங்கிள் குரோஷேயில திரும்புற 1 செயினைப் பெரும்பாலும் கணக்குல சேர்க்க மாட்டாங்க. முதல் ஸ்டிச்லயும் கடைசி ஸ்டிச்லயும் ஒரு ஊக்கு மாட்டுங்க. ஒவ்வொரு வரிசை முடிவிலயும் வாய்விட்டு எண்ணுங்க. வீட்ல சிரிப்பாங்க, பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை: பிரிட்டிஷ் வீடியோ "டபுள்"னு சொல்றதை அமெரிக்க வீடியோ "சிங்கிள்"னு சொல்லும். பேட்டர்ன்ல "சிங்கிள் குரோஷே"ங்கிற பெயர் இருந்தா அது அமெரிக்க முறை. நான் இங்க சொல்றதும் அதுதான்.

வட்டத்துக்கும் எண்ணிக்கைதான். சிங்கிள் குரோஷேன்னா 6-ல ஆரம்பிச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் 6 கூட்டணும், டபுளுக்கு 12. கிண்ணம் மாதிரி குவிஞ்சா கூட்டினது போதல. கொசுவம் மாதிரி அலையடிச்சா அதிகமாயிடுச்சு.

பெருசா பின்றதுக்கு முன்னாடி 10 செ.மீ. சதுரம் ஒண்ணு பின்னி, துவைச்சு, காயவெச்சு அளங்க. பருத்தி சுருங்கும். ஒவ்வொருத்தர் கை இறுக்கமும் வேற. சென்னையில 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வைக்காக கின்னஸ் சாதனை செய்தது. பல கைகள் பின்னினதைச் சேர்க்கிற வேலையில அளவு ஒத்துப்போகலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவது கேள்விதான் எனக்கு உறுத்துது. எங்க தெரு அத்தை ஒருத்தர் பருத்தி நூல்ல பை பின்னி, நகரத்துக் கடை ஒண்ணுக்குக் கொடுத்தாங்க. கடை தந்தது 400 ரூபாய். நூல் 180. பின்ன 11 மணி நேரம். மிச்சம் 220, அதாவது மணிக்கு 20 ரூபாய். எட்டு மணி நேரம் பின்னினா 160. 2024-25-ல நூறு நாள் வேலைக்கே ஒரு நாளைக்கு 319 ரூபாய். "டிவி பார்த்துக்கிட்டே பின்றதுதானே தம்பி"ன்னு அத்தை சொன்னாங்க.

இந்த வாக்கியம் புதுசு இல்ல. ஆந்திராவோட நர்சாபூர்ல பெண்கள் பல தலைமுறையா குரோஷே லேஸ் பின்றாங்க. நம்ம ஏனாம் இருக்கிற அதே கோதாவரி டெல்டாதான். ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அவங்களைப் பற்றி 1982-ல ஒரு புத்தகமே போட்டார். லேஸ் வெளிநாட்டுக்குப் போகுது, ஆனா பின்றவங்களை "சும்மா இருக்கிற நேரத்துல பின்ற இல்லத்தரசிகள்"னுதான் பார்க்கிறாங்க, அதனாலதான் கூலி அவ்வளவு குறைவுன்னு காட்டினார்.

அதனால ஊசியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மணியை எழுதுங்க. நூல் விலை, அதோட மணிக்கு குறைஞ்சது 40 ரூபாய். என்னைக் கேட்டா இதுவே கம்மி. வாங்குறவங்க பேரம் பேசினா சீக்கிரம் முடியிற டிசைனா மாத்திக் கொடுங்க, மணிக்கணக்கைக் குறைக்காதீங்க.

அத்தை இப்ப தூக்குவாளி மூடியில மார்க்கரால நேரம் எழுதுறாங்க. அடுத்த பைக்கு 620 கேட்டிருக்காங்க. கடை இன்னும் பதில் சொல்லல.