பட்டை முறுக்கும் வண்டி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அண்ணாமலை நகரில் கால் வைத்தாலே வயசு குறைஞ்சு போகுது. சங்கத்தார் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க. அதனால் ஹாஸ்டல் மெஸ் கதைகளை மற்ற நண்பர்களுக்கு விட்டுவிட்டு, மெக்கானிக்கல் தம்பிகள் நேற்று கேட்ட கேள்விக்கே வருகிறேன். "சார், பிக்கப் வண்டியை டிராக் ரேஸுக்கு விடணும்னா பின்னால் எந்த டிராக்ஷன் பார் போடறது?"

சிவில் நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. டிராக் ரேஸ் என்றால் வளைவே இல்லாத ஓட்டம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி கால் மைல், அதாவது 402 மீட்டர். அமெரிக்காவில் 1951-லேயே இதற்குச் சங்கம் வைத்துவிட்டார்கள். நம் பக்கம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் அம்பாசடரும் ஃபியட்டும் பந்தயம் ஓடிய காலம் உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே வந்தது. அந்த அம்பாசடருக்கும் பின்னால் ஸ்பிரிங் பட்டைதான், இன்றைய பொலேரோ பிக்கப்புக்கும் பட்டைதான்.

கிளட்சை விட்டதும் சக்கரம் முன்னோக்கிச் சுழல, ஆக்ஸில் ஹவுசிங் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். மூக்கு மேலே எழும். பட்டையின் முன்பாதி மேலே வளையும், பின்பாதி கீழே வளையும். முறுக்கு தாங்காமல் டயர் வழுக்கும், பட்டை சட்டென நிமிரும், மறுபடி பிடிக்கும். பின்சக்கரம் தவளை மாதிரி குதிப்பது இதனால்தான். ஜாயிண்ட் உடைவதும் இதனால்தான்.

ஒரு கணக்கு போடுவோம். வெறும் வண்டி 1600 கிலோ, அதில் பின்னால் 640 கிலோ, டயரின் பிடிமானம் 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது பின்னுக்குச் சாயும் எடையையும் சேர்த்தால், டயர் வழுக்குமுன் சுமார் 6000 நியூட்டன் தள்ளும். சக்கர ஆரம் 0.35 மீட்டர். ஆக ஆக்ஸிலில் 2100 நியூட்டன் மீட்டர், பக்கத்துக்கு 1050. ஆக்ஸிலிலிருந்து 0.6 மீட்டர் நீளத்தில் பார் வைத்தால், அதன் முனை சுமார் 180 கிலோ பாரத்தோடு மேலே முட்டும். கிளட்சை அடித்து விட்டால் இன்னும் அதிகம். போல்ட் வாங்கப் போகுமுன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இனி என் சொந்தக் கதை. பரங்கிப்பேட்டைப் பக்கம் என் வகுப்புத் தோழன் ஒருவன் இருக்கிறான். அவன் மகனுக்கு ரேஸ் ஆசை. வண்டியோ வீட்டுக்குச் சோறு போடும் வண்டி, வாரம் ஆறு நாள் மீனும் ஐஸும் ஏற்றும். நான் படித்தவன் இல்லையா! குழாய் வெட்டி, ஒரு முனையை ஆக்ஸிலிலும் மறு முனையை சேஸிலும் இறுக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குதிப்பே இல்லை, பையன் என்னைக் கட்டிப்பிடித்தான். திங்கட்கிழமை லோடு ஏற்றியதும் சேஸ் பிராக்கெட்டில் வெல்டு பிளந்தது. தோழன் போனில் திட்டவில்லை. "மீன் கெட்டுப் போச்சுடா" என்று மட்டும் சொன்னான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்ன தப்பு? லோடு ஏறினால் ஆக்ஸில் மேலே போகும். பட்டை நிமிர்வதால் கொஞ்சம் பின்னாலும் நகரும். அது போகும் வளைவு ஒன்று, என் குழாய் விட்ட வளைவு வேறு. இரண்டும் சண்டை போட்டால் எது பலவீனமோ அது போகும்.

ஆகவே தம்பிகளா, படத்தைப் பார்த்து வாங்காதீங்க. ஏணி மாதிரி இருக்கிற லேடர் பார், காயில் ஸ்பிரிங் வண்டிக்கு உரியது. பட்டையோடு அப்படியே சேர்த்தால் எனக்கு ஆன கதிதான். முனையில் ரப்பர் வைத்த ஸ்லாப்பர் பார் மலிவு. ரப்பர் பட்டையின் முன் கண்ணுக்கு நேர் கீழே முட்ட வேண்டும், பட்டையின் நடுவில் முட்டினால் மெயின் பட்டையே போய்விடும். ஆனால் லோடு ஏறினால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும், மீன் வண்டிக்கு அது ஒத்துவராது. நீளக் குழாயை முன்னால் சேக்கிளில் தொங்கவிடும் முறையும் உண்டு. எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. ஆக்ஸில் 80 மில்லிமீட்டர் ஏறினால், 0.6 மீட்டர் பார் அதை ஏழரை டிகிரி திருப்பும், 1.2 மீட்டர் பார் நாலு டிகிரிக்குள் நிறுத்தும்.

கடைசியில் நாங்கள் போட்டது வேறு. முன் கண்ணின் போல்ட்டிலேயே சுழலும் முக்கோணத் தகடு, அதிலிருந்து ஆக்ஸிலின் அடிக்கு ஒரு தண்டு. ஆக்ஸில் திருகினால் தண்டு தகட்டைத் தள்ளும், தகடு பட்டையின் முன்பாதியை மேலிருந்து அமுக்கும். பட்டை போகிற வழியிலேயே தண்டும் போவதால் சண்டை குறைவு. செலவு அதிகம்தான். தோழன் கணக்குப் பார்க்கவில்லை.

இன்னொன்று. சிதம்பரம் பைபாஸில் இதைச் சோதிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அனுமதி பெற்ற தடத்தில் மட்டும் ஓட்டுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

வண்டி வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறது. பையனும் வந்திருக்கிறான். சாப்பாட்டுக்கு முன்னால் குனிந்து பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம், விடியற்காலை மீன் லோடுக்கு அவன் திரும்ப வேண்டும்.