வகுப்பறைத் தொட்டிச் செடிகளைச் சுற்றும் குட்டிப் பூச்சிகள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சுற்றுச்சூழல் மன்றப் பணிகளைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். மரம் நடுவது பற்றியும் மழைநீர் சேகரிப்பு பற்றியும் இந்த மேடையில் பலரும் சிறப்பாகப் பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது 3 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சின்ன விஷயம்.

பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு செடி கொண்டுவரும் வழக்கம் பல பள்ளிகளில் வந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் மணி பிளான்ட், கற்றாழை, துளசி என்று வரிசையாகத் தொட்டிகள் நிற்கின்றன. சில மாதங்களில் அவற்றைச் சுற்றிக் கறுப்பாகக் குட்டிப் பூச்சிகள் பறக்கத் தொடங்கும். நோட்டின் மேல் உட்காரும், முகத்தருகே வரும். பிள்ளைகள் "டீச்சர், கொசு!" என்பார்கள். இந்தப் பேச்சு வீட்டுக்குப் போனதும் பெற்றோருக்கு டெங்கு பயம் வரும். அடுத்து இரண்டில் ஒன்று நடக்கும். தொட்டிகளைத் தூக்கிப் பள்ளியின் பின்பக்கம் வைத்துவிடுவோம், அங்கே செடி காய்ந்துவிடும். இல்லையென்றால் வகுப்பறைக்குள் கொசு மருந்து அடிப்போம். நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடும் அறை அது. செடி கொண்டுவந்த பிள்ளைக்கோ, தன் செடியால்தான் இந்தத் தொல்லை என்ற எண்ணம் மனதில் தங்கிவிடும்.

இந்த இரண்டுமே தேவையில்லை. பறப்பது எது என்று முதலில் பார்த்துவிட்டால் போதும்.

செடியருகே பறக்கும் சிறு பூச்சிகளில் நாம் அடிக்கடி காண்பவை நான்கு. இலையைத் தட்டியதும் வெள்ளைத் தூசு போலக் கூட்டமாக எழுந்தால் அது வெள்ளை ஈ. இலையின் அடியில் இருந்து சாறு உறிஞ்சும். பழுப்பு நிறத்தில், குண்டான உடலும் சிவந்த கண்ணுமாக இருந்தால் அது பழ ஈ. அது செடிக்காக வருவதில்லை. பக்கத்தில் வாழைப்பழத் தோலோ கொய்யாத் துண்டோ கிடக்கும், தேடிப் பாருங்கள். கழிவுநீர்க் குழாய் அருகே, உடல் முழுக்க மயிரோடு, சிறகை விரித்துச் சுவரில் ஒட்டியிருந்தால் அது சாக்கடை ஈ. நான்காவது, கறுத்த மெல்லிய உடலும் நீண்ட கால்களும் கொண்டு பார்க்கக் கொசு போலவே இருக்கும். சரியாகப் பறக்கக்கூடத் தெரியாது. மண்ணின் மேல் ஓடும், சிறிது எழும், மறுபடி உட்காரும். தண்ணீர் ஊற்றும்போது மண்ணிலிருந்து கிளம்பும். இதுதான் பூஞ்சை ஈ. இதற்குக் கடிக்கத் தெரியாது, டெங்குவையும் பரப்பாது. தொட்டிகளைச் சுற்றும் பூச்சிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

உறுதி செய்துகொள்ள ஒரு உருளைக்கிழங்கு போதும். ஓர் அங்குலக் கனத்தில் ஒரு துண்டு வெட்டி மண்ணின் மேல் பதிய வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கண்ணாடி போன்ற வெண்மையான உடலும் பளபளப்பான கறுத்த தலையுமாகச் சிறு புழுக்கள் இருந்தால் அவை பூஞ்சை ஈயின் புழுக்களே. கைலென்சில் பார்க்கும்போது பிள்ளைகள் அந்தக் கறுப்புத் தலையைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மருந்து அடித்தால் ஏன் தீர்வதில்லை என்பதை இதன் வாழ்க்கைச் சுழற்சி சொல்லிவிடும். சுமார் 24 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் முட்டை 3 நாள், புழு 10 நாள், கூட்டுப்புழு 4 நாள் என ஏறத்தாழ 17 நாள்கள் மண்ணுக்குள்ளேயே கழிகின்றன. வெளியே வந்து பறப்பது ஒரு வாரம்தான். அதற்குள் ஒரு பெண் ஈ நூறு, இருநூறு முட்டை வரை இட்டுவிடும். நாம் மருந்து அடிப்பது பறக்கும் பூச்சியின் மேல். மண்ணுக்குள் இருப்பவை அப்படியே இருக்கின்றன. நான்கைந்து நாளில் மறுபடி கிளம்பும்போது, "மருந்து சரியில்லை" என்று சொல்லிக்கொள்கிறோம்.

புழு எதைத் தின்கிறது? ஈர மண்ணில் வளரும் பூஞ்சையையும் பாசியையும் மக்கும் இலைதழைகளையும் தின்கிறது. எண்ணிக்கை பெருகிவிட்டால் மென்மையான வேர்களையும் தின்னும். வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும், நாற்று வாடிவிடும். பூஞ்சை வளர்வதற்குக் காரணம் மண்ணில் எந்நேரமும் இருக்கும் ஈரம். அந்த ஈரத்துக்குக் காரணம் நம் பிள்ளைகளின் அன்பு! காலையில் ஒருவன் ஒரு குவளை ஊற்றுவான். இடைவேளையில் இன்னொருத்தி ஊற்றுவாள். மீதமிருக்கும் குடிநீர் பாட்டிலும் மாலையில் அங்கேதான் கவிழும். போதாக்குறைக்கு அரிசி களைந்த நீர், டீத்தூள், காய்கறித் தோல் எல்லாவற்றையும் உரம் என்று மேலேயே போட்டுவிடுகிறோம்.

எனவே முதல் மருந்து தண்ணீரைக் குறைப்பதுதான். புழுக்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குள் இருக்கும். அந்தப் பகுதி காய்ந்தால் முட்டையும் புழுவும் பிழைக்காது. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு ஐஸ் குச்சி கொடுங்கள். குச்சியை இரண்டு அங்குலம் செருகி எடுக்க வேண்டும். ஈர மண் ஒட்டியிருந்தால் அன்று தண்ணீர் கிடையாது. சுத்தமாக வந்தால் ஊற்றலாம். நாற்று மட்டும் இவ்வளவு காயலைத் தாங்காது, அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு பிள்ளை பொறுப்பு, மற்றவர்கள் ஊற்றக்கூடாது என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. "ஊற்றாதே" என்று தடுத்தால் பிள்ளையின் முகம் வாடிவிடும். "குச்சியைக் கேட்டுவிட்டு ஊற்று" என்றால் சந்தோஷமாகக் கேட்கும்.

இரண்டாவது, தொட்டியின் அடித்துளை அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். உதிர்ந்த இலைகளை எடுத்துவிடுங்கள். மக்காத சாணத்தைத் தொட்டியில் போட வேண்டாம். நன்கு மக்கிய எருவை மண்ணோடு கலந்து பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, மஞ்சள் அட்டை. தபால் அட்டை அளவுக்கு மஞ்சள் அட்டை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே விளக்கெண்ணெய் தடவி, மண்ணுக்குச் சற்று மேலே குச்சியில் நிறுத்துங்கள். வயலில் விவசாயிகள் வைக்கும் மஞ்சள் ஒட்டும் பொறியின் சிறு வடிவம் இது. பறப்பவை ஒட்டிக்கொள்ளும். இது மட்டுமே தீர்வாகாது, ஆனால் கணக்கெடுக்கக் கைகொடுக்கும்.

இவ்வளவுக்கும் குறையாவிட்டால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனப் பகுதியில் கண்டறியப்பட்டது. கொசுப் புழுவை ஒழிக்கப் பயன்படும் அதே மருந்துதான். தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றினால், அதைத் தின்னும் புழுவின் குடல் கெட்டுப் புழு இறந்துவிடும். கம்பளிப்புழுவுக்கு விற்கப்படும் வகை இதற்குப் பயன்படாது, பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். மண்ணில் இதன் வீரியம் நீடிக்காது என்பதால் வாரம் ஒருமுறை ஊற்ற வேண்டும். அந்த வேலையை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், பிள்ளைகளிடம் விடக்கூடாது.

இதையே ஒரு செயல்திட்டமாக்கலாம். ஒரே வகைச் செடியில் இரண்டு தொட்டிகள். ஒன்றுக்கு வழக்கம்போலத் தினமும் தண்ணீர், மற்றொன்றுக்குக் குச்சி சொன்னபடி. இரண்டிலும் மஞ்சள் அட்டை. இரண்டு தொட்டிகளையும் தள்ளித் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் இதிலிருப்பது அதில் போய் ஒட்டும். வாரம் ஒருமுறை எண்ணி, அட்டையை மாற்றி, நான்கு வாரத்துக்குப் பட்டை வரைபடம் போடட்டும். தொடக்க வகுப்புக்கு எண்ணிக்கை, ஆறு முதல் எட்டு வரை வாழ்க்கைச் சுழற்சி, அதற்கு மேல் கட்டுப்பாட்டுச் சோதனை என்று எல்லா நிலைக்கும் இதில் பாடம் இருக்கிறது. முதல் வாரத்திலேயே எண்ணிக்கை குறையாது. ஏன் என்று கேட்டு, அந்த 17 நாள் கணக்கைப் பிள்ளைகளையே சொல்ல வையுங்கள்.

கடைசியாக ஒன்று. "கொசு" என்று பயந்த பெற்றோரின் பயத்தை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. பயப்பட வேண்டிய இடம் தொட்டியின் மண் அல்ல, அதன் அடியில் இருக்கும் தட்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதாவது பள்ளி நேரத்தில். தட்டில் தேங்கும் தெளிந்த நீரே அது முட்டையிடப் போதும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அதற்கு ஏற்ற நேரம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தட்டுகள் கவிழ்ந்தே கிடக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மண் காய நாளாகும், இந்தப் பூச்சிகளும் கூடும். அதற்கு முன்பே உங்கள் வகுப்புக்கு ஐஸ் குச்சிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.