கதவு திறந்த பின்னும்

 

விழா மேடையில் மகிழ்வூட்டும் செய்தியைப் பேசுவதே முறை. ஆயினும் முன்வரிசையில் மூத்தோர் இருக்கைகள் சில வெறுமையாய் இருக்கக் காண்கிறேன். அவர்களைப் பற்றியே பேச விழைகிறேன்.

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. மே மாத இறுதியில் தளர்வுகளை அறிவித்த நடுவணரசு, 65 வயதைக் கடந்தோர் இன்றியமையாத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் அன்றி வெளியே வர வேண்டாம் என அறிவுறுத்தியது. கொரோனா முதியோரையே மிகுதியாகப் பலிகொண்டதால் அதில் நியாயம் இருந்தது. ஆனால் அறிவுரை சில இடங்களில் தடையாக மாறிற்று. படப்பிடிப்புத் தளங்களுக்கு 65 வயதைக் கடந்த கலைஞர்கள் வரலாகாது என்று மகாராஷ்டிர அரசு விதித்தது. எழுபது வயது நடிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பிற தொழில்களில் இல்லாத தடை இவர்களுக்கு மட்டும் இருப்பது பாகுபாடு எனக் கண்ட பம்பாய் உயர் நீதிமன்றம், 2020 ஆகஸ்ட் 7 அன்று அவ்விதியை நீக்கியது.

அந்நடிகருக்கு நீதிமன்றம் இருந்தது. வீட்டுக்குள் நாம் விதித்த தடைகளுக்கு எங்கே முறையிடுவது?

என் தாயாருக்கு அப்போது வயது 78. மாடி அறையில் தங்கவைத்தோம். பொழுது சாயுமுன் உணவுத் தட்டு வாயிற்படியில் வைக்கப்படும். பேரப்பிள்ளைகள் சன்னல் வழியே கையசைப்பர். அவ்வாண்டு ஊரில் என் தாய்மாமன் காலமானார். இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்ற காலம் அது. கைப்பேசியில் காட்டினேன், படம் விட்டு விட்டு வந்தது. “அண்ணனுக்கு யாருப்பா தோள் கொடுத்தது?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அவரை நோய் அண்டவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் தொற்று ஓய்ந்து கதவைத் திறந்த பின்னும் அவர் வெளியே வரவில்லை. விழா நாள்களில் விடியுமுன் ஆலயம் சென்று பூசைத் தட்டுகளை ஒழுங்குசெய்தவர், இன்று அழைத்தால், “கூட்டமா இருக்கும், நீங்க போயிட்டு வாங்க” என்கிறார். அது நான் அன்று அவரிடம் சொன்ன சொல்.

இரயில்வே 2020 மார்ச் 20 முதல் மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகையை நிறுத்தியது. ஆடவருக்கு 40 விழுக்காடு, பெண்டிருக்கு 50 விழுக்காடு என இருந்த சலுகை அது. தேவையற்ற பயணத்தைத் தடுக்கவே என்றனர். தொற்று போயிற்று, சலுகை திரும்பவில்லை. அதனைக் குறைகூறும் நாம், நம் வீட்டில் நிறுத்தியவற்றை எப்போது திருப்பித் தந்தோம்?

இவ்விழா அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. என் தாயார் அதைப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு முதல், மூத்தோர் உள்ள இல்லங்களுக்கு இருவர் நேரில் சென்று, மஞ்சள் தடவிய அழைப்பிதழைக் கையில் கொடுத்து, வண்டி அனுப்பவா என்றும் கேட்க வேண்டுகிறேன். அப்பணிக்கு என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்கு மட்டும் வேறு எவரேனும் வாருங்கள். நான் பலமுறை அழைத்துப் பார்த்துவிட்டேன்.