ஓடும் வலுவும் நிற்கும் வலுவும்

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் நெடுஞ்சரிவிலே, குடும்பத்தாரை ஏற்றிய பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று வருகின்றதெனக் கொள்வோம். இடையறாது அழுத்திய பிறேக் சூடேறுகின்றது. சூட்டினால் ட்றம் விரிகின்றது. மிதி தாழ்ந்துகொண்டே போகின்றது. அவ்வேளையில் எஞ்சினின் வலு யாருக்கு வேண்டும்?

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இக்கார், 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்டது. 1962இல் எஞ்சின் 1098 கன சென்ரிமீற்றர் ஆயிற்று. அப்போதே உற்பத்தியாளர் முன்சில்லுகளின் ட்றத்தையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினர். வேகம் இருமடங்கானால், பிறேக் அடக்கவேண்டிய சக்தி நான்மடங்காகும் அன்றோ?

ஆகவே, பழைய காருக்கு வலுவூட்ட விரும்புவோர் பிறேக்கையே முதலிற் கவனித்தல் வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. இக்காரின் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் எண்ணெய் செல்லும் வழி ஒன்றே. ஒரு குழாய் வெடிப்பினும் நான்கு பிறேக்கும் பயனற்றுப் போகும். முதுமையடைந்த றப்பர் குழாய்களையும் ஈரம் உறிஞ்சிய எண்ணெயையும் மாற்றுதல் முதற்பணி. எண்ணெய்வழியை இரண்டாகப் பிரிப்பதும், முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் பூட்டுவதும் அடுத்த பணி.

பிறேக் சில்லை மட்டுமே நிறுத்தும். காரை நிறுத்துவது வீதியைப் பற்றும் ரயர். அதிர்வைத் தணிக்கும் கருவி தேய்ந்தால் சில்லு துள்ளும்; துள்ளும் சில்லு வீதியைப் பற்றாது. முன்சில்லைக் கீழே தாங்கும் மரைப்பூட்டு, கிறீஸ் இன்றித் தேய்ந்தாலோ, சில்லே மடிந்து சரிந்துவிடும்.

இவையாவும் செவ்வையான பின்னர் எஞ்சினைப் பற்றி எண்ணலாம்.